ஆப் விளம்பரத்தில் பொய்ப் பார்வைகளைப் பிடிப்பது எப்படி: விளம்பரம் கொடுப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆப் விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறவர் கைக்கு மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் வரும். இத்தனை லட்சம் இம்ப்ரெஷன் (அதாவது பார்வை), இத்தனை ஆயிரம் கிளிக், இத்தனை இன்ஸ்டால். இந்த எண்களைத் தயாரித்துக் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். விளம்பரத்தைக் காட்டும் ஆப்காரருக்குப் பார்வைக்கு இவ்வளவு என்று காசு. உங்கள் விளம்பரத்தைப் பல ஆப்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க்குக்கு அதில் பங்கு. உங்கள் சார்பில் விளம்பரம் வாங்கும் ஏஜென்சிக்கு மொத்தச் செலவில் சதவீதக் கமிஷன். எண் கூடினால் மூன்று பேருக்கும் வருமானம் கூடும். எண்ணைக் குறைத்துச் சரியாகச் சொல்வதால் நன்மை அடைகிறவர் நீங்கள் ஒருவர்தான். எனவே சரிபார்க்கும் வேலையும் உங்கள் தலையில்தான் விழுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் ஏமாந்திருக்கின்றன. 2017-இல் உபர் நிறுவனம், தான் வேண்டாமென்று சொல்லியிருந்த ஒரு செய்தித் தளத்தில் தன் விளம்பரம் வருகிறது என்று புகார் கிளம்பியதால், பணம் எங்கே போகிறது என்று குடைந்து பார்க்கத் தொடங்கியது. அப்போது அங்கே விளம்பரச் செலவைக் கவனித்துவந்த கெவின் ஃபிரிஷ் பின்னர் பகிரங்கமாகச் சொன்ன கணக்கு இது: ஆப் இன்ஸ்டால் விளம்பரத்துக்குச் சுமார் 15 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது, அதில் சுமார் 10 கோடியை நிறுத்தியபோது, புதிதாக ஆப்பை இறக்குகிறவர்களின் எண்ணிக்கையில் அசைவே இல்லை. அதே ஆண்டு உபர் தன் மொபைல் விளம்பர ஏஜென்சி மீது வழக்கும் போட்டது.

இந்த மோசடிகளுக்குத் தொழிலில் பல பெயர்கள் உண்டு. வேலைக்கு உதவுகிற பிரிவு இரண்டே இரண்டு. ஒன்று, இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுவது. மற்றொன்று, தானாக வந்த ஆளைத் தான் கூட்டிவந்ததாகக் கணக்கு எழுதுவது. முதல் வகையில் வந்த இன்ஸ்டால்கள் மறுநாளே மறைந்துவிடும், பிடிப்பது சுலபம். இரண்டாவதில் வருகிறவர்கள் நிஜமானவர்கள். உங்கள் ஆப்பைப் பெயர் சொல்லித் தேடி வந்தவர்கள். தினமும் திறப்பார்கள், பணமும் செலவழிப்பார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து ‘இந்த நெட்வொர்க்கில் தரம் அருமை’ என்று பட்ஜெட்டை ஏற்றிவிடுவோம். திருடுகிறவருக்கே சம்பள உயர்வு கொடுத்த கதையாகிவிடும். இந்த இரண்டுக்கும் பரிசோதனை வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படியுங்கள்.

படி 1: எந்தப் ‘பார்வை’க்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்

இம்ப்ரெஷன் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. சர்வர் விளம்பரத்தை அனுப்பிவிட்டாலே ஒன்று என்று எண்ணுவது ஒரு முறை. போன் திரையில் உண்மையிலேயே தெரிந்தால் மட்டும் எண்ணுவது இன்னொரு முறை. இதை வியூவபிள் இம்ப்ரெஷன் என்பார்கள். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் வகுத்த அளவுகோல்படி, பேனர் என்றால் அதன் பரப்பில் பாதியாவது தொடர்ந்து 1 விநாடி திரையில் இருக்க வேண்டும். வீடியோ என்றால் பாதிப் பரப்பு, தொடர்ந்து 2 விநாடி. என்னைக் கேட்டால் இது மிகவும் தாராளமான அளவுகோல். 1 விநாடியில் எவரும் எதையும் படித்து முடிப்பதில்லை. அப்படியும் பல ஒப்பந்தங்கள் இந்தக் குறைந்தபட்சத்தைக்கூட எட்டுவதில்லை. அனுப்பியதையெல்லாம் எண்ணிப் பில் போடுகின்றன.

எண்ணும் முறையை மாற்றினாலே எண் ஊதிப் பெருத்துவிடும். இதற்கு போலி போன்கள்கூடத் தேவையில்லை. ஃபேஸ்புக் 2016-இல் ஒப்புக்கொண்ட விஷயம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிடும்போது, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டுமே சேர்த்து வகுத்திருந்தார்கள். தொட்டுவிட்டு நகர்ந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. சராசரி இயல்பாகவே உயர்ந்து தெரிந்தது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கை 2019-இல் 4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

ஆகவே கேம்பெய்ன் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: எதை ஒரு பார்வை என்று எண்ணுகிறீர்கள்? எத்தனை சதவீதப் பரப்பு, எத்தனை விநாடி? அளப்பது நீங்களா, வெளியாளா? விளம்பரம் வருகிற ஆப்களில் ஓப்பன் மெஷர்மென்ட் எஸ்டிகே (எஸ்டிகே என்பது ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த மென்பொருள் தொகுப்பு) இருக்கிறதா? இணைய விளம்பரத் துறைக்கான தரங்களை வகுக்கும் ஐஏபி டெக் லேப் வெளியிட்ட இந்த மென்பொருள், ஆப்புக்குள் விளம்பரம் உண்மையில் தெரிந்ததா என்று வெளியாள் அளக்க வழி செய்கிறது. பதில் வாய்மொழியாக வந்தால் போதாது, மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பார்வையை ஊதுகிற வித்தைகளில் பழையது பிக்சல் திணிப்பு. முழு விளம்பரத்தையும் 1க்கு 1 பிக்சல் சதுரத்துக்குள் சுருக்கி வைத்துவிடுவார்கள். விளம்பரம் ‘ஓடியது’ உண்மை. மனிதக் கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. அடுத்தது அடுக்கி வைப்பது. ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல விளம்பரங்கள். மேலே இருப்பது மட்டுமே தெரியும், எல்லாவற்றுக்கும் பில் வரும். 2023 ஜனவரியில் ஹியூமன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த வாஸ்ட்ஃபிளக்ஸ் மோசடியில் 25 வீடியோ விளம்பரங்கள் வரை இப்படி ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. 1,700 ஆப்களின் பெயரில் போலி வேடம் போட்டிருந்தார்கள். சுமார் 1.1 கோடி போன்களில் இது ஓடியது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 1,200 கோடி விளம்பரக் கோரிக்கைகள் பறந்தன.

பெயர் மாற்றி ஏலம் விடுவதும் உண்டு. ஆப் விளம்பர இடங்கள் நொடிக்கும் குறைந்த நேரத்தில் தானியங்கி ஏலத்தில் விற்பனையாகின்றன. ஏலத்துக்கு வரும் கோரிக்கையில் ‘நான் இன்ன ஆப்’ என்று ஓர் அடையாளம் இருக்கும். எவரும் சீந்தாத டார்ச் லைட் ஆப் ஒன்று, பிரபலமான ஒரு ஆப்பின் அடையாளத்தை ஒட்டிக்கொண்டு ஏலத்துக்கு வரும். நீங்கள் பிரபல ஆப்பின் விலையைக் கொடுப்பீர்கள்.

பின்னணியில் ஓட விடுவது இன்னொரு வகை. ஆரக்கிள் நிறுவனம் 2019 பிப்ரவரியில் அம்பலப்படுத்திய ட்ரெய்னர்பாட் இதற்குச் சான்று. சில ஆப்களுக்குள் சேர்க்கப்பட்ட எஸ்டிகே ஒன்று, போன் பையில் கிடக்கும்போதுகூட வீடியோ விளம்பரங்களை மறைவில் இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தது. மாதம் 10 ஜிபிக்கு மேல் டேட்டாவை விழுங்கக்கூடியது. விளம்பரதாரரின் பணம் போனது. போன் வைத்திருந்தவரின் டேட்டாவும் பேட்டரியும் சேர்ந்தே போயின.

இனி இரண்டாவது வகைத் திருட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒருவர் ஆப்பை இறக்கி முதல்முறை திறந்ததும், ‘இவர் எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தார்’ என்று தேடி, கடைசியாகக் கிளிக் பதிவானவர் பெயரில் வரவு எழுதுவதுதான் வழக்கம். இதை அட்ரிப்யூஷன் என்கிறார்கள். ‘கடைசி கிளிக்’ என்ற இந்த விதியில்தான் ஓட்டை. ஆண்ட்ராய்டு போனில் புதிதாக ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகும்போது, அந்தச் செய்தியை போனில் ஏற்கெனவே இருக்கும் வேறு ஆப்கள் அறிந்துகொள்ளும் வழி இருந்தது. ஒருவர் தன் நண்பர் சொல்லி உங்கள் ஆப்பைத் தேடி இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டால் முடிந்துவிட்டது, அவர் இன்னும் திறக்கவில்லை. அந்தச் சில விநாடி இடைவெளியில், அதே போனில் உட்கார்ந்திருக்கும் கீபோர்டு ஆப் ஒன்று, அவர் விளம்பரத்தைத் தொட்டதாக ஒரு கிளிக்கை நெட்வொர்க்குக்கு அனுப்பிவிடும். அவர் ஆப்பைத் திறக்கிறார். கடைசி கிளிக் கீபோர்டுகாரருடையது. இன்ஸ்டால் கட்டணம் அவருக்கு. இதன் பெயர் கிளிக் இன்ஜெக்‌ஷன்.

2018 நவம்பரில், எந்த விளம்பரத்தால் இன்ஸ்டால் வந்தது என்று கணக்கிடும் அளவீட்டு நிறுவனங்களில் ஒன்றான கோச்சாவாவின் ஆய்வை வைத்து, சீட்டா மொபைல், கிகா டெக் ஆகிய நிறுவனங்களின் பிரபல ஆப்கள் இன்ஸ்டால் வரவைத் திருடுவதாகச் செய்தி வெளியானது. சீட்டா மொபைல் அதை மறுத்தது. அடுத்த மாதம் சிஎம் ஃபைல் மேனேஜர், கிகா கீபோர்டு இரண்டையும் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. 2019 ஆகஸ்டில் ஃபேஸ்புக், ஆப்கள் மூலம் தன் விளம்பரங்களில் பொய்க் கிளிக்குகளை உண்டாக்கியதாக லயன்மோபி, ஜெடிமோபி என்ற இரு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது.

இதன் முரட்டு வடிவம் கிளிக் வெள்ளம். யார் எப்போது இன்ஸ்டால் செய்வார் என்று காத்திருக்காமல், கையிலிருக்கும் எல்லா போன்களின் பெயரிலும் ஓயாமல் கிளிக் அனுப்பிக்கொண்டே இருப்பது. கிளிக்குக்கு 7 நாள் வரை வரவு எழுதும் ஏற்பாடு பல இடங்களில் இருப்பதால், அந்த 7 நாளில் யாராவது தற்செயலாக உங்கள் ஆப்பை இறக்கினால் வரவு இவர்களுக்கு. பார்வையை வைத்தும் இதைச் செய்யலாம். தொடாமல் பார்த்துவிட்டுப் பிறகு இறக்கினாலும் வரவு உண்டு என்று நீங்கள் அனுமதித்திருந்தால், பொய்ப் பார்வைகளைக் கோடிக்கணக்கில் அனுப்பினால் போதும். சிறிய பட்ஜெட்காரர்கள் இந்த ‘பார்த்ததற்கு வரவு’ ஏற்பாட்டையே அணைத்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதனால் இழப்பது மிகக் குறைவு, அடைபடுகிற ஓட்டையோ பெரியது.

ஸ்லாப்ஆட்ஸ் என்ற மோசடியின் தந்திரத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் ஹியூமன் நிறுவனமே வெளியிட்டது: 224 ஆப்கள், 3.8 கோடி பதிவிறக்கங்கள், ஒரு நாளைக்கு 230 கோடி விளம்பரக் கோரிக்கைகள். இந்த ஆப்களை பிளே ஸ்டோரில் நேராகத் தேடி இறக்கினால் ஒழுங்காக நடந்துகொண்டன. விளம்பரத்தைத் தொட்டு வந்து இறக்கியவரின் போனில் மட்டும் மோசடி விழித்துக்கொண்டது. காரணம் எளிது: ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஸ்டோரிலிருந்து நேராகத்தான் இறக்கிச் சோதிப்பார்கள். ‘நானே இறக்கிப் பார்த்தேன், ஆப் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

படி 3: ஒப்பந்தத்திலேயே கதவை அடைத்துவிடுங்கள்

பணம் போன பிறகு போராடுவதைவிட முன்கூட்டி எழுதிக்கொள்வது ஆயிரம் மடங்கு எளிது. நான் வற்புறுத்திச் சொல்கிற நிபந்தனைகள் இவை.

விளம்பரம் வந்த ஒவ்வொரு ஆப்பின் பெயரும், சப்-பப்ளிஷர் (நெட்வொர்க்குக்குக் கீழே விளம்பரம் காட்டுகிறவர்) அடையாள எண்ணும் மறைக்காமல் தர வேண்டும். ‘அது வணிக ரகசியம்’ என்று சொல்கிற நெட்வொர்க்கை அங்கேயே விட்டுவிடுங்கள். எங்கே காட்டினார்கள் என்று சொல்ல மறுப்பவரிடம் காட்டியதற்குப் பணம் கட்ட முடியாது.

உங்கள் கேம்பெய்னை வேறு நெட்வொர்க்குக்குக் கைமாற்றி விடக் கூடாது. ஒரு கை மாறும்போதே பாதி தடயம் அழிந்துவிடும். மூன்று கை மாறினால் யாரைக் கேட்பது என்றே தெரியாது.

காசோ புள்ளியோ கொடுத்து ஆளை வரவழைக்கும் ட்ராஃபிக் உங்கள் அனுமதி இல்லாமல் கூடாது.

கட்டணம் இன்ஸ்டாலுக்கு மட்டும் என்றில்லாமல், அதற்குப் பிந்தைய ஒரு செயலுக்கு இருக்கட்டும்: முதல் ஆர்டர், 7-ஆம் நாள் திரும்ப வருவது, சந்தா கட்டுவது. போலி செய்வதற்கு எந்தச் செயல் அதிகச் செலவு பிடிக்குமோ அதைத் தேர்ந்தெடுங்கள். பணம் கைமாறுகிற செயல்தான் மிகப் பாதுகாப்பானது. இன்ஸ்டாலுக்குப் பின் பதிவு செய்வதையெல்லாம்கூட ஒரு நிரல் செய்துவிடும்.

மோசடி என்று தரவு காட்டினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த கேம்பெய்னில் கழித்துக்கொள்வதாகச் சொல்வது திருப்பித் தருவதாகாது. இந்த ஒரு வரியை எழுத மறந்தவர்கள்தான் அதிகம்.

அடுத்து ஆப்-ஆட்ஸ் டெக்ஸ்ட் (app-ads.txt) கோப்பு. ஐஏபி டெக் லேப் 2019-இல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டின்படி, ஆப் தயாரிப்பவர் தன் இணையதளத்தின் வேர் முகவரியில் ஒரு எளிய எழுத்துக் கோப்பை வைப்பார். ‘என் ஆப்பில் விளம்பர இடம் விற்க இவர்களுக்கு மட்டுமே அனுமதி’ என்ற பட்டியல் அது. ஒவ்வொரு வரியிலும் விற்பவரின் தள முகவரி, அங்கே ஆப்காரரின் கணக்கு எண், நேரடியா மறுவிற்பனையா என்ற குறிப்பு இருக்கும். ஸ்டோர் பக்கத்தில் ஆப் தயாரிப்பாளரின் இணையதளத்தைப் பாருங்கள். அந்த முகவரியோடு கோப்பின் பெயரைச் சேர்த்துத் திறந்தால் பட்டியல் வரும். உங்களுக்கு விற்கிறவர் அதில் இல்லையென்றால், அந்த ஆப்பின் இடத்தை விற்க அவருக்கு அனுமதி இல்லை. பெயர் மாற்றி ஏலம் விடும் மோசடியில் பெரும்பகுதி இந்தச் சோதனையிலேயே அடிபட்டுவிடும்.

படி 4: உங்கள் கணக்கை நீங்களே வையுங்கள்

டேஷ்போர்டில் தெரிகிற வரைபடங்கள் போதாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் ஒரு வரி என்ற கச்சா தரவு வேண்டும். அதில் கிளிக் நேரம், முதல்முறை திறந்த நேரம், ஐபி முகவரி, போன் மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, உங்கள் ஆப்பின் பதிப்பு எண், சப்-பப்ளிஷர் எண் ஆகியவை இருக்க வேண்டும். இவற்றோடு உங்கள் சொந்த சர்வரில் பதிவாகிற முதல் திறப்பையும் தனியே சேமித்து வையுங்கள். அவர்கள் சொல்லும் இன்ஸ்டாலும் உங்கள் சர்வர் கண்ட திறப்பும் பொருந்தாவிட்டால், அது எஸ்டிகே வேடம். அதாவது, போனே இல்லாமல், ஆப்பே இறங்காமல், ‘இன்ஸ்டால் ஆனது’ என்ற செய்தியை மட்டும் போலியாக அளவீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு ஆப் என்றால் கூகுள் பிளேயின் இன்ஸ்டால் ரெஃபரர் வசதியைக் கட்டாயம் இணையுங்கள். அது இரண்டு நேரங்களைச் சொல்லும்: கிளிக் நடந்த நேரம், பதிவிறக்கம் தொடங்கிய நேரம். இரண்டும் கூகுளிடமிருந்து வருவதால் நெட்வொர்க்கால் எளிதில் மாற்றிச் சொல்ல முடியாது.

படி 5: தரவை வாசியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது கிளிக்குக்கும் முதல் திறப்புக்கும் இடைப்பட்ட நேரம். நிஜ மனிதர் விளம்பரத்தைத் தொட்டு, ஸ்டோர் பக்கம் திறந்து, கொஞ்சம் படித்து, இறக்கி, திறக்கக் குறைந்தது அரை நிமிடமாவது ஆகும்; பெரிய ஆப் என்றால் இன்னும் அதிகம். பெரும்பாலோர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், பிறகு வேகமாகக் குறையும். ஒரு சப்-பப்ளிஷரின் இன்ஸ்டால்களை மட்டும் பிரித்து இந்த இடைவெளியை வரைந்து பாருங்கள். ஐந்து, பத்து விநாடியில் குவியலாக நின்றால் கிளிக் இன்ஜெக்‌ஷன். முதல் மணி நேரத்தில் உச்சமே இல்லாமல் நாள் கணக்கில் ஒரே சீராகப் பரவிக் கிடந்தால் கிளிக் வெள்ளம், ஏனென்றால் அந்தக் கிளிக்குக்கும் இன்ஸ்டாலுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்ஸ்டால் ரெஃபரர் நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். உதாரணத்துக்கு, பதிவிறக்கம் தொடங்கியது 10:14:05 என்று கூகுள் சொல்கிறது. நெட்வொர்க் காட்டும் கிளிக் 10:14:31. பதிவிறக்கம் தொடங்கி 26 விநாடி கழித்து, அதைத் தூண்டிய விளம்பரத்தை ஒருவர் தொட்டிருக்க முடியாது. இப்படி ஒரு வரி கிடைத்தால் வாதத்துக்கே இடமில்லை.

போலி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் வேறு. இரவு மூன்று மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் ஒரே அளவு கிளிக். ஒரே மாடல் போன், ஒரே பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு கூட்டம் கூட்டமாக. நீங்கள் எப்போதோ கைவிட்ட பழைய ஆப் பதிப்பிலிருந்து ‘புதிய’ இன்ஸ்டால்கள். ஒரே ஐபி வரிசையில் வரிசைகட்டி நிற்கும் போன்கள். இப்படிப்பட்ட போன் பண்ணைகள் நிஜமாகவே இருக்கின்றன: 2017 ஜூனில் தாய்லாந்துப் போலீசார் கம்போடிய எல்லையருகே ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது, அலமாரிகளில் நூற்றுக்கணக்கான ஐபோன்களும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட சிம் கார்டுகளும் சிக்கின. இத்தகைய இடங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் போனின் விளம்பர அடையாள எண்ணை மாற்றிவிடுவார்கள். அதனால் ‘இதற்குமுன் எங்குமே காணப்படாத புதிய போன்’ வழக்கத்துக்கு மாறாக அதிகமாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

கிளிக் விகிதத்தையும் இருபுறமும் பாருங்கள். பார்வைக்குக் கிளிக் மிக அதிகம் என்றால், மூடும் குறியைப் பொடியாக வைத்துத் தவறித் தொட வைக்கிறார்கள் அல்லது நிரல் தொடுகிறது. கிளிக்குக்கு இன்ஸ்டால் மிக மிகக் குறைவு, ஆனால் வந்த இன்ஸ்டால்கள் எல்லாம் உயர்ந்த தரம் என்றால், அது கிளிக் வெள்ளத்தின் கையெழுத்து.

ஓர் அடையாளம் மட்டும் இருந்தால் குற்றம் சாட்டாதீர்கள். ஒரே அலுவலகத்தின் வைஃபையிலிருந்து நூறு பேர் நிஜமாகவே வரலாம். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே சப்-பப்ளிஷரிடம் கூடி நின்றால்தான் அடுத்த படி.

படி 6: அணைத்துப் பாருங்கள்

மற்ற எல்லாப் பரிசோதனையையும் விட இதை நான் அதிகம் நம்புகிறேன். செலவும் இல்லை. சந்தேகத்துக்குரிய ஒரு சப்-பப்ளிஷரை, அல்லது ஒரு நெட்வொர்க்கை முழுதாக, வாரக்கணக்கில் நிறுத்திவையுங்கள். அந்தக் காலத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பண்டிகை, தள்ளுபடி, புதிய பதிப்பு எதுவும் குறுக்கே வரக் கூடாது. பார்க்க வேண்டியது விளம்பரம் மூலம் வந்தவர், தானாக வந்தவர், பணம் செலவழித்தவர் ஆகிய மூன்று எண்கள்.

விளம்பர இன்ஸ்டால் குறைந்து, அதே அளவுக்குத் தானாக வந்தவர்கள் கூடி, மொத்தம் அப்படியே நின்றால், இதுவரை உங்கள் ஆட்களையே உங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். மொத்த இன்ஸ்டால் விழுந்தும், பணம் செலவழிப்பவர் எண்ணிக்கை அசையவில்லை என்றால், வந்தவர்கள் ஆட்களே இல்லை. அல்லது ஆட்களாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாதவர்கள். விளம்பர இன்ஸ்டாலும், மொத்தமும், பணம் செலவழிப்பவர் எண்ணிக்கையும் சேர்ந்து விழுந்தால் அந்த நெட்வொர்க் நேர்மையாக வேலை செய்திருக்கிறது. உடனே திரும்ப இயக்குங்கள்.

இந்தச் சோதனையை ஏஜென்சி எதிர்க்கும். ‘நிறுத்தினால் அல்காரிதம் கற்றதை மறந்துவிடும்’ என்பார்கள். சில தளங்களில் அதில் உண்மையும் உண்டு, திரும்ப இயக்கும்போது சில நாள் தடுமாறும். அப்படியானால் நாடு அல்லது நகர வாரியாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் நிறுத்துங்கள். சோதனையே வேண்டாம் என்று சொல்லும் காரணமாக அதை ஏற்காதீர்கள்.

படி 7: பணத்தைத் திரும்பக் கேளுங்கள்

கேட்கும்போது ‘ட்ராஃபிக் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால், ‘ஆப்டிமைஸ் செய்கிறோம்’ என்று பொதுவாகவே பதில் வரும். சப்-பப்ளிஷர் எண், தேதி, இன்ஸ்டால் எண்ணிக்கை, எந்த அடையாளம், அதற்கான கச்சா வரிகள் என்று அட்டவணையாக அனுப்புங்கள். எத்தனை தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டு எழுதுங்கள். பில் கட்டும் தேதிக்கு முன்பே அனுப்புங்கள். கையை விட்டுப் போன பணத்தைவிடக் கையில் இருக்கும் பணத்தைப் பற்றிப் பேசுவது எளிது.

‘அந்த சப்-பப்ளிஷரைத் தடுத்துவிட்டோம்’ என்ற பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். அதே ஆள் வேறு எண்ணில் அடுத்த வாரம் வருவார். தடுத்த நாளிலேயே இன்னொரு புதிய எண் முளைத்து, அதே அளவு இன்ஸ்டால் தருகிறதா என்று பாருங்கள். முளைத்தால் பிரச்சினை அந்த நெட்வொர்க்கிடமே இருக்கிறது.

ஆப் வைத்திருப்பவர்களுக்கு

விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கும் ஆப்காரர் தெரியாமலே இந்த மோசடியில் பங்காளியாகிவிடலாம். ‘இந்த எஸ்டிகேயைச் சேருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்று யாரென்றே தெரியாதவர் அழைத்தால் மறுத்துவிடுங்கள். ட்ரெய்னர்பாட்டும் ஆப்களுக்குள் சேர்க்கப்பட்ட ஓர் எஸ்டிகே வழியாகத்தான் வந்தது. சோதனைக்குச் சோதனை விளம்பரங்களையே பயன்படுத்துங்கள், உங்கள் விளம்பரத்தை நீங்களோ நண்பர்களோ தொட வேண்டாம். மலிவாக ‘ட்ராஃபிக்’ விற்பவரிடம் ஆள் வாங்கினால், போலி ஆட்கள் உங்கள் ஆப்பில் விளம்பரம் பார்ப்பார்கள், முடங்குவது உங்கள் கணக்கு. கூகுள் பிளே விதிப்படி, முழுத்திரை விளம்பரத்தை 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாமல் வைக்கக் கூடாது. விளையாட்டின் நடுவில் எதிர்பாராமல் பாய்வதும் கூடாது. பரிசுக்காகப் பயனர் தானே விரும்பிப் பார்க்கும் விளம்பரத்துக்கு விலக்கு உண்டு.

விளம்பரத்தின் உள்ளடக்கமும் உண்மையாக இருக்கட்டும். 2020-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளையாட்டுகளின் இரு விளம்பரங்களைத் தடை செய்தது. விளம்பரத்தில் காட்டிய விளையாட்டு வேறு, உள்ளே இருந்த விளையாட்டு பெரும்பாலும் வேறு.

போன் வைத்திருப்பவர்களுக்கு

ஆப் எதையும் திறக்காதபோதும் முழுத்திரை விளம்பரம் பாய்ந்தால், அதை மூடாமல், சமீபத்திய ஆப்களைக் காட்டும் பட்டனை அழுத்துங்கள். விளம்பரம் எந்த ஆப்பின் பெயரில் ஓடுகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயரோ ஐகானோ இல்லாமல் வெற்றாக இருந்தால், செட்டிங்ஸில் எல்லா ஆப்களின் பட்டியலையும் திறந்து, பெயர் தெரியாததை, நீங்கள் இறக்கிய நினைவே இல்லாததைத் தேடுங்கள். டேட்டா, பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். ஒரு வால்பேப்பர் ஆப் பின்னணியில் ஜிபி கணக்கில் டேட்டா எடுக்க எந்த நியாயமும் இல்லை. ‘மற்ற ஆப்களின் மேல் காட்டும்’ அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாதவற்றுக்கு எடுத்துவிடுங்கள். நீக்கவே விடாமல் அடம் பிடித்தால் போனை சேஃப் மோடில் திறந்து நீக்குங்கள். அதில் நீங்கள் இறக்கிய ஆப்கள் எதுவும் ஓடாது. நீக்கிய கையோடு ஸ்டோர் பக்கத்தில் அந்த ஆப்பைப் புகார் செய்யுங்கள்.